மைமூனின் ஆய்வேடு ஏன் தாமதமானது

டிசம்பர் 9, திங்கள்

மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று கல்லூரியில் இன்று பயிலரங்கு நடத்தினார்கள். மின்விசிறி ஓடாத அரங்கில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை முழுக்க உட்காரவைத்து அழுத்தத்தைப் பற்றிப் பேசினார்கள். போகும்போது இல்லாத தலைவலி வரும்போது இருந்தது. பேச வந்த பெண் கடைசியில் ஆளுக்கொரு டயரியைக் கொடுத்து, தினமும் ஏதாவது ஒன்றுக்கு நன்றி சொல்லி எழுதுங்கள், பிரஷர் குறையும் என்றாள். நான் புவியியல் துறைத் தலைவர். எனக்குப் பிரஷர் குறைய வேண்டுமென்றால் துறையை மூட வேண்டும்.

இருந்தாலும் ஓசியில் வந்த டயரி. வீணாக்க மனசில்லை.

இன்றைய நன்றி: மதியம் ரசம் நன்றாக அமைந்தது.

டிசம்பர் 12, வியாழன்

மைமூன் ஆய்வேட்டின் கடைசி வடிவத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டே, வீட்டையும் பார்த்துக்கொண்டு, பகுதி நேரமாகப் பி.எச்டி. செய்கிறவள். எங்கள் பக்கத்து வாரச்சந்தைகளைப் பற்றிய ஆய்வு. எந்த ஊர்க்காரர்கள் எந்தச் சந்தைக்குப் போகிறார்கள், ஏன் அங்கே போகிறார்கள் என்று ஊர் ஊராக அலைந்து கேட்டு எழுதியிருக்கிறாள். நல்ல வேலை. இதை அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் கொஞ்சம் தளர்ந்துவிடுவாள்.

ஒரு பெண்கள் கல்லூரியில் நிரந்தர இடம் ஒன்று காலியாக இருக்கிறதாம். ஏப்ரல் கடைசியில் நேர்காணல். அதற்குள் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்து முடிவு கையில் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். "நீங்க கையெழுத்துப் போட்டுட்டா இந்த வாரமே சமர்ப்பிச்சிருவேன் மேடம்" என்றாள்.

புரட்டிப் பார்த்தேன். நான்காம் இயலில் வரைபடங்களின் ஓரத்தில் வடக்குத் திசையைக் காட்டும் அம்புக்குறி சின்னதாக இருந்தது. எல்லாவற்றையும் பெரிதாக்கிக்கொண்டு வா என்று திருப்பிக் கொடுத்தேன்.

மே மாதம் நான் ஓய்வு பெறுகிறேன். அதன்பின் யாருக்கும் நெறியாளராக இருக்க முடியாது. மைமூன்தான் கடைசி. கடைசி ஆய்வேட்டில் குறை இருக்கக் கூடாது என்பதுதான் காரணம். வேறு காரணம் எதுவும் இல்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

காலையில் தில்லைநாயகம் சார் போன் செய்தார். திருச்சியில் புவியியல் பேராசிரியர். அவர் வீட்டு மாடியிலும் என் வீட்டு மாடியிலும் மழைமானி இருக்கிறது. ஞாயிறுதோறும் அவர் அந்த ஊர் வாரக் கணக்கைச் சொல்வார், நான் இந்த ஊர்க் கணக்கைச் சொல்வேன். இரண்டையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுவதாகத் திட்டம். திட்டம் போட்டு ரொம்ப வருடம் ஆகிறது. தரவு இன்னும் போதவில்லை.

என் மாணவர்கள் எல்லோருக்கும் அவர்தான் வெளித்தேர்வாளர். பி.எச்டி.யின் கடைசிக் கட்டத்தில் வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து, எல்லோர் முன்னிலையிலும் மாணவரைக் கேள்வி கேட்க வேண்டும். யாரை அழைக்கலாம் என்று நெறியாளர்தான் சில பெயர்களைக் கொடுப்பார், அதிலிருந்து பல்கலைக்கழகம் தேர்ந்தெடுக்கும். நான் தில்லைநாயகம் சார் பெயரை முதலில் எழுதுவேன். மற்றவர்களில் ஒருவர் நீண்ட நாளாக வெளிநாட்டில் இருப்பார், இன்னொருவர் பயணம் கூடாதென்று மருத்துவர் சொன்னவராக இருப்பார். அவருடைய மாணவர்களுக்கு நான் போவேன். அவர் எப்படிப் பெயர் கொடுக்கிறார் என்று நான் கேட்டதில்லை.

ஒவ்வொரு முறை வரும்போதும், கடைசியாகப் போன இடத்து மண்ணை மாத்திரை டப்பாவில் போட்டுக் கொண்டுவருவார். மண்ணியலைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துப் பல வருடம் ஆகிறது. இருந்தாலும் வகுப்புக்குப் பயன்படும் என்று டப்பாக்களை என் பீரோவில் வைத்திருக்கிறேன்.

அவருடைய மனைவி இறந்துபோய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. என்னைப் போலவே தனியாள், தானே சமைத்துக்கொள்கிறார். நேற்றுப் புளிக்குழம்பில் உப்பு கூடிவிட்டதாம்.

நன்றி: இந்த வாரம் நல்ல மழை. சொல்ல நிறைய இருந்தது.

டிசம்பர் 30, திங்கள்

மைமூன் வந்தாள். அம்புக்குறி பெரிதாகியிருந்தது. போதாது என்றேன்.

"இன்னும் எவ்வளவு மேடம் பெருசாக்கணும்? இனிமே ஊரை விட அம்பு பெருசாயிரும்."

எதிர்த்துப் பேசுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. சோர்வில் வந்துவிட்டது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதோடு, சந்தைகளைக் குறிக்கும் பச்சை நிறம் கண்ணை உறுத்துகிறது, மாற்றிவிடு என்றேன்.

ஜனவரி 9, வியாழன்

நீலமும் சரியில்லை. மறுபடி பச்சையே போடச் சொன்னேன், ஆனால் வேறு பச்சை.

ஜனவரி 20, திங்கள்

மைமூனின் கணவர் மீரான் துறைக்கு வந்தார். கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். நாற்காலியைக் காட்டினேன். உட்காராமல், வீட்டில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்பது போன்ற குரலில் பேச ஆரம்பித்தார். குறை சொல்ல வரவில்லை என்று முதலில் சொன்னார். தானும் மைமூனோடு எல்லாச் சந்தைக்கும் மோட்டார் சைக்கிளில் போனவன் என்றார். எந்த ஊரில் எந்தக் கிழமை சந்தை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாராம். மகள் வீட்டுப் பாடத்தில் சூரியனை வரைந்து, பக்கத்தில் வடக்கு என்று அம்பு போட்டிருக்கிறாளாம்.

"எங்க வீட்டுல இப்ப எல்லாரும் வடக்கப் பார்த்துத்தான் மேடம் உக்காந்திருக்கோம். எப்ப முடியும்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா போதும்."

தரம் என்று ஒன்று இருக்கிறது என்று விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே போனார். நல்ல மனிதர். வாசலில் செருப்பை மாட்டும்போது ஒரு கணம் நின்று, சுவரில் மாட்டியிருந்த தமிழ்நாடு வரைபடத்தைப் பார்த்தார். அதில் அம்புக்குறி சின்னதுதான்.

ஜனவரி 23, வியாழன்

என் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கும் அருள்ராஜ் மதியம் டிபன் பாக்ஸோடு என் அறைக்குள் வந்தார். அவர் டிபன் பாக்ஸோடு வந்தால் ஏதோ சொல்லப் போகிறார் என்று அர்த்தம். கோபப்படக் கூடாது என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்.

"மைமூன் எங்கிட்ட வந்து ஒண்ணு கேட்டாங்க மேடம். மேடத்துக்கு நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா சார், தெரிஞ்சா சொல்லுங்க, மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்னு."

என் டிபனை மூடிவைத்துவிட்டேன். ஆறு வருடமாக அந்தப் பெண் என்னிடம் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. வெயிலில் சந்தை சந்தையாக அலைந்து கறுத்துப்போய் வருவாள், தண்ணீர்கூடக் கேட்க மாட்டாள்.

ஜனவரி 24, வெள்ளி

மைமூனைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முதல் தடவை கொண்டுவந்த வடிவத்தையே சமர்ப்பிக்கலாமா என்று தயங்கிக் கேட்டாள், அதில் பக்க எண்கள் ஒழுங்காக இருக்கின்றனவாம். பெரிய அம்புக்குறி உள்ளதையே கொடு என்றேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

அவள் படி இறங்கிப் போனபின் நெஞ்சுக்குள் ஏதோ காலியானது போல இருந்தது. காலையில் சாப்பிட்ட பொங்கல் காரணமாக இருக்கலாம்.

நன்றி: முடிந்துவிட்டது. முடிந்ததற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

தில்லைநாயகம் சாரிடமிருந்து போன் வரவில்லை. வரக் கூடாது. ஆய்வேடு அவர் கையில் இருக்கும்போது நெறியாளரும் தேர்வாளரும் பேசிக்கொள்ளக் கூடாது என்பது விதி. இதற்கு முன்னும் ஒவ்வொரு மாணவரின் போதும் பேசாமல்தான் இருந்தோம். அப்போதெல்லாம் அவர் ஆய்வேட்டைப் படித்து அறிக்கையைப் பத்தே நாளில் அனுப்பிவிடுவார். இரண்டு ஞாயிறு கழித்து மழைக் கணக்கு தொடரும்.

எனவே ஒன்றும் புதிதில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

மழை இல்லை. இல்லை என்று சொல்லவும் ஆள் இல்லை.

பிப்ரவரி 27, வியாழன்

ஆய்வேட்டை இரண்டு பேர் படித்து அறிக்கை அனுப்ப வேண்டும், வைவாவுக்கு வருகிறவர் அதில் ஒருவர்தான். மற்றவரின் அறிக்கை வந்துவிட்டது. மைசூர்க்காரர். அருமையான ஆய்வு, உடனே பட்டம் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார். மைமூனிடம் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு "தில்லைநாயகம் சாரும் அனுப்பிட்டா போதும்" என்றாள். அவர் எப்போதும் முதலில் அனுப்புகிறவர், இன்னும் அனுப்பவில்லை.

உடம்புக்கு ஏதாவது ஆகியிருக்குமோ? உப்புக் கூடிய புளிக்குழம்பைத் தினமும் சாப்பிட்டால் யாருக்குத்தான் உடம்பு தாங்கும். விதியை யார் எழுதினார்களோ, அவர்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்தே இருப்பார்கள் போலிருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

அறிக்கை வந்தது. ஆய்வேட்டை ஏற்கலாம், ஆனால் திருத்தங்கள் செய்து மறுபடி சமர்ப்பித்த பிறகே வாய்மொழித் தேர்வு என்று எழுதியிருக்கிறார். கூடவே இரண்டு பக்கத்துக்குத் திருத்தங்கள். பட்டத்தைத் தடுக்கும்படி அதில் ஒன்றும் இல்லை. அட்டவணைக் கோடு தடிமன், ஓர் ஊர்ப் பெயர் சாய்வெழுத்தில் இருப்பது, இப்படி. முதல் திருத்தம்: வரைபடங்களில் வடக்குத் திசை அம்புக்குறி தேவைக்கு மேல் பெரிதாக உள்ளது, சிறிதாக்க வேண்டும்.

மறுபடி சமர்ப்பித்து, அது மறுபடி அவரிடம் போய், அவர் மறுபடி பார்த்து எழுத மே ஆகிவிடும். நேர்காணல் போச்சு. மைமூன் என் முன்னால் நின்றுகொண்டு அறிக்கையை வாசித்தாள். அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "அம்ப சின்னதாக்கிட்டு வாரேன் மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு அந்த மனிதர் மேல் அப்படி ஒரு கோபம்.

மார்ச் 15, சனி

அறிக்கையின் நகலை நான்கு தடவை படித்தேன். ஆய்வேட்டில் குறை கண்டவர் இப்படி எழுத மாட்டார். ஆய்வேடு முடிந்துவிடக் கூடாது என்று நினைக்கிறவர்தான் இப்படி எழுதுவார்.

இது எனக்கு எப்படி இவ்வளவு சரியாகத் தெரிகிறது என்று அருள்ராஜ் கேட்டார். அனுபவம் என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

விதியை மீறினேன். முப்பத்து மூன்று வருட வேலையில் முதல் தடவை. வழக்கமாக அவர் அழைக்கும் நேரத்தில் நானே அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டு, நாம் பேசக் கூடாதே மேடம் என்று விதியை எனக்கே ஞாபகப்படுத்தினார். அம்புக்குறி பெரிதாக இருப்பதில் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்டேன். பார்க்க நன்றாக இல்லை என்றார். நான்தான் பெரிதாக்கச் சொன்னேன் என்றேன்.

"எதுக்குச் சொன்னீங்க?" என்றார்.

கோபத்தை முன்னால் தள்ளிவிட்டேன். ஏப்ரல் கடைசியில் அந்தப் பெண்ணுக்கு நேர்காணல், உங்களால் அது கெட்டது என்று சத்தம் போட்டேன். மறுமுனையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவருக்கு நேர்காணல் விஷயம் தெரியாது. யார் சொல்லியிருப்பார்கள், பேசிக்கொள்ளவே கூடாதே.

"சத்தியமாத் தெரியாது மேடம். தெரிஞ்சிருந்தா பண்ணியிருக்க மாட்டேன். திருத்தம்னு போட்டா, சரிபார்க்க ஒரு தடவை, வைவாவுக்கு ஒரு தடவைன்னு ரெண்டு தடவை வரலாம்னு நெனச்சிட்டேன்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நீங்க மே மாசம் ரிட்டயர் ஆயிடுறீங்க. அதுக்கப்புறம் நான் என்னன்னு சொல்லிக்கிட்டு உங்க ஊருக்கு வர்றது?"

நல்ல பதிலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். முதலில் அறிக்கையைச் சரிபண்ணுங்கள் சார் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மாடிக்குப் போய் மழைமானியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஒரு துளியும் இல்லாத மானியை இரண்டு தடவை அளந்தேன்.

எழுதிவிடுகிறேன். அம்புக்குறி முதல் நாளே சரியாகத்தான் இருந்தது. பச்சையும் நல்ல பச்சைதான். ஆய்வேடு போய்விட்டால் அவர் கடைசி முறையாக வந்துவிட்டுப் போய்விடுவார், அதனால்தான் நான் அதை விடவில்லை. இரண்டு படித்த கழுதைகள் ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மார்ச் 19, புதன்

தில்லைநாயகம் சார் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டார். திருத்தங்களை நெறியாளரே சரிபார்த்தால் போதும், மறு சமர்ப்பிப்பு வேண்டாம், வாய்மொழித் தேர்வுக்கு உடனே நாள் குறிக்கலாம். எழுதியதோடு நிற்காமல், லீவு போட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கே நேரில் போய், அந்தக் கடிதம் நகரும்வரை அங்கேயே இருந்தாராம். அலுவலகத்தில் சொன்னார்கள். மதியம் சாப்பிடக்கூடப் போகவில்லையாம்.

மனதார நன்றி. இதை எந்தப் பயிலரங்குக்காகவும் எழுதவில்லை.

மார்ச் 20, வியாழன்

மைமூனைக் கூப்பிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். பாதிவரை நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொன்னேன், அதற்குப் பிறகு முடியவில்லை. உன் ஒன்றரை மாதத்தை எடுத்துக்கொண்டேன், என்னை மன்னித்துவிடு என்றேன். மாணவியிடம் இப்படிச் சொல்வேன் என்று நான் நினைத்ததே இல்லை.

அவள் மேசைமேல் கலைந்து கிடந்த தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தாள்.

"எங்க எல்லாருக்கும் தெரியும் மேடம்."

எல்லோருக்கும் என்றால் யாருக்கெல்லாம் என்று கேட்டேன். அருள்ராஜ் சாருக்கு, அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு, நூலகத்துக்கு, அவளுக்கு முன்னால் என்னிடம் ஆய்வு செய்த மாணவர்கள் எல்லோருக்கும், மீரானுக்கு. போன வாய்மொழித் தேர்வில் சாருக்குச் சாம்பார் பரிமாறிய பையனுக்குக்கூடத் தெரியுமாம். எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கவில்லை.

"பின்னே ஏன் அருள்ராஜ்கிட்ட அப்படிக் கேட்ட?"

"தெரியும்னாலும் நாங்க எப்படி மேடம் உங்ககிட்ட வந்து சொல்லுறது? எனக்குக் கோவம் இருந்துச்சு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ராத்திரியெல்லாம் உக்காந்து அம்பு வரைஞ்சேன்." பிறகு சிரித்துவிட்டாள். "ஆனா ஒண்ணு மேடம், சாரும் அதையே பண்ணியிருக்காங்கன்னு பாத்ததும் பாதிக் கோவம் போயிருச்சு. இவுக ரெண்டு பேரும் ஒரே மாதிரில்லா இருக்காவ, அப்படின்னு."

என்னை மன்னித்துவிட்டாள். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் மன்னித்திருக்க மாட்டேன். என் மாணவிகளிலேயே என்னை விடப் பெரிய மனசு இவளுக்குத்தான். இந்த முறை அதை அவளிடமே சொன்னேன். சொன்னதால் அவள் தளர்ந்துவிடவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

வாய்மொழித் தேர்வு. மீரானின் சொந்தக்காரர்கள் கருத்தரங்கக் கூடத்தை நிறைத்துவிட்டார்கள். மைமூன் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லி முடித்ததும் கைதட்டினார்கள். இங்கே கைதட்டக் கூடாது என்று அருள்ராஜ் போய்ச் சொன்னதும், அப்புறம் மெதுவாகத் தட்டினார்கள்.

தில்லைநாயகம் சார் ரொம்ப மெலிந்திருக்கிறார். புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. என்னைப் பார்த்து வணக்கம் மேடம் என்றார், நானும் வணக்கம் சார் என்றேன். இருவரும் மேடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆளுக்கொரு திசையைப் பார்த்தோம்.

கடைசியாக அவர் கேட்டது நல்ல கேள்வி. பக்கத்திலேயே ஒரு சந்தை இருக்கும்போது, அதைத் தாண்டித் தூரத்துச் சந்தைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், விலை ஒன்றுதான், பஸ் வசதியும் கிட்டச் சந்தைக்குத்தான் அதிகம், பிறகு ஏன் போகிறார்கள்?

மைமூன் கொஞ்சமும் தயங்கவில்லை. "அங்க தெரிஞ்சவங்க இருக்காங்கன்னு சொன்னாங்க சார். எந்த ஊருல கேட்டாலும் அதான் பதில். வாங்க வேண்டியது ஏதாச்சும் இருக்கும், ஆனா அது ஒரு சாக்குத்தான். அவங்களைப் பாக்கத்தான் போறாங்க."

கூடம் முழுக்கக் கைதட்டல். இந்த முறை அருள்ராஜும் தட்டினார். சார் தன் குறிப்புத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் வேறு கேள்வி எதுவும் இல்லை போலும். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கண் கலங்கியது. மைமூனுக்காக என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். பாதி அவளுக்காகத்தான்.

மதியம் மீரான் வீட்டிலிருந்து நெய்ச்சோறு. சாருக்கென்று தனியாகக் காய்கறிக் குருமா வைத்திருந்தார்கள். மைமூனின் உம்மா எங்கள் இருவருக்கும் பரிமாறிவிட்டு என்னிடம் கேட்டார்: "சார் உங்க வீட்டுக்காரங்களாம்மா?" இல்லை என்றேன். சார் ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார்.

சாயங்கால வண்டிக்கு ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டேன். பிளாட்பாரத்தில் நின்றோம். அப்போ வேறு வைவா எதுவும் இல்லை என்றார். இல்லை என்றேன். சரி என்றார். வண்டி வந்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு பேரும் வாழ்நாள் முழுக்கப் பேசிப் பேசிச் சம்பளம் வாங்கியவர்கள். வண்டி போய்விட்டது.

ஏப்ரல் 13, ஞாயிறு

போன் வந்தது. திருச்சியில் மழை இல்லையாம். இங்கேயும் இல்லை என்றேன். பிறகு ரொம்ப நேரம் மழை இல்லாததைப் பற்றியே பேசினோம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

மைமூனுக்கு வேலை கிடைத்துவிட்டது. மீரான் கடையிலிருந்து ஒரு பெரிய இட்லிக் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு வந்தார், ஊருக்கே அவிக்கலாம். ஒருத்திக்கு எதற்கு இவ்வளவு பெரியது என்றேன். "இருக்கட்டும் மேடம், பின்னால தேவைப்படும்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் மைமூன் நன்றியுரை எழுதியிருக்கிறாள். நெறியாளருக்கு நன்றி என்று எல்லோரும் எழுதுவதைத்தான் எழுதியிருக்கிறாள். ஆனால் இந்தத் தடவை எனக்குத்தான் அவளிடம் நன்றி இருக்கிறது, அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன். மைமூனுக்கு நன்றி. மோட்டார் சைக்கிள் ஓட்டிய மீரானுக்கு நன்றி. டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்த அருள்ராஜுக்கு நன்றி. அவர் வராமல் போயிருந்தால் நான் இன்னும் அம்புக்குறியை அளந்துகொண்டிருப்பேன்.

மே 18, ஞாயிறு

திருச்சியில் மழை இல்லை. இங்கே கொஞ்சம் தூறல், மானியில் ஏறவில்லை. ஏறாத தூறலையும் சொன்னேன். ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தார், பிறகு அடுத்த வாரம் பார்ப்போம் என்றார்.

எனக்கு அறுபது. அவருக்கு அதற்குக் கிட்ட. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று எத்தனை வாரத்தைப் போடுவது. ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை, அவரை மட்டும் எப்படிக் குறை சொல்ல முடியும்.

மே 31, சனி

கடைசி நாள். விடுமுறை, கல்லூரியில் ஈ காக்கை இல்லை. பிரிவு உபசாரம் போன மாதமே முடிந்துவிட்டது. துறைச் சாவியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட மட்டும் போனேன். வகுப்பறைகளை ஒரு சுற்றுப் பார்த்தேன். வருத்தம் இருக்கும் என்று நினைத்தேன், இருந்தது, ஆனால் அதை விட அதிகமாக நிறைவு இருந்தது. இந்தக் கட்டடம் எனக்குச் சோறு போட்டது. நல்ல பிள்ளைகளைக் கொடுத்தது. வேறென்ன கேட்க முடியும் என்று நினைத்தேன். கேட்க ஒன்று இருந்தது, அதை நினைக்காமல் பீரோவைப் பூட்டினேன்.

அப்போது மேசைமேல் இருந்த இன்டர்காம் அடித்தது. வாசல் காவலாளி சுடலைமுத்து.

"அம்மா, வாசல் கேட்டுப் பக்கத்துல ஒரு சார் நிக்காவ. திருச்சியிலருந்து வாராவளாம். காலேஜ் லீவுல்லா, பரீட்சை கிரீட்சை ஒண்ணும் இல்லையே, என்ன சோலியா வந்தியன்னு கேட்டேன். சோலி ஒண்ணும் இல்ல, உலகம்மாளைப் பாக்க வந்தேன்னு சொல்லுதாவ. உள்ள விடட்டா?"

இத்தனை வருடத்தில் அவர் என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஒரு வேலையும் இல்லாமல், சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் இல்லாமல், அந்த வெயிலில் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, பார்க்க வந்தேன் என்று ஒரு காவலாளியிடம் சொல்லியிருக்கிறார்.

"விட வேண்டாம் சுடலைமுத்து" என்றேன். "அங்கேயே நிக்கச் சொல்லுங்க. நான் வாரேன்."